குழிக்குள் யாரையும் இறக்காதீர்கள்



போன வாரத்திலிருந்து நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என்னைப் பற்றித்தான் பேச்சு. "டீச்சர் அத்தைக்கு வயசாயிடுச்சு, எல்லாத்துலயும் தலையிடறாங்க", "நல்ல காரியம் நடக்கிற வீட்டுல ரகளை பண்ணிட்டாங்க" என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள். குழுவில் பதில் எழுதினால் நாலு வணக்கம் போடும் படத்துக்கு நடுவே காணாமல் போய்விடும். அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும். முப்பத்து நாலு வருடம் என் பாடத்தைப் பொறுமையாகக் கேட்ட பிள்ளைகள் நீங்கள். இதையும் கடைசிவரை படியுங்கள்.

நடந்தது இதுதான். என் அண்ணன் மகன் வீட்டில் கல்யாணம் வருகிறது. ஆட்கள் அதிகம் வந்து தங்குவார்கள் என்பதால் செப்டிக் டேங்கைச் சுத்தம் செய்ய ஏற்பாடு செய்தான். கட்டி 17 வருடம் ஆகிறது, ஒரு தடவைகூட மூடியைத் திறந்ததில்லை. லாரி வந்தது. மேலே இருந்த தண்ணீரை உறிஞ்சி எடுத்தது. அடியில் சேறு இறுகிக் கிடந்ததால் குழாயில் ஏறவில்லை. லாரிக்காரர், "இன்னும் ரெண்டு நடை தண்ணி அடிச்சுக் கலக்கி எடுக்கணும், நாளைக்கு வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குள் ஒரு மேஸ்திரி, "எதுக்குங்க வீண் செலவு? ரெண்டு பேரைக் கூட்டிட்டு வர்றேன், இறங்கி வாரிப் போட்டா ஒரு மணி நேரத்துல முடிஞ்சுடும்" என்றார். அண்ணன் மகனும் சரி என்றான். இரண்டு பையன்கள் வந்தார்கள். ஒருவனுக்கு இருபது வயதுகூட இருக்காது. ஒரு வாளி, ஒரு கயிறு, ஒரு மண்வெட்டி. காலில் செருப்புகூட இல்லை.

நான் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துக்கொண்டு போய் அந்த மூடிக்குப் பக்கத்திலேயே போட்டு உட்கார்ந்துவிட்டேன். "இவங்க இறங்கறதா இருந்தா நான் முதல்ல இறங்கறேன், அப்புறம் இவங்களை இறக்கு" என்றேன். "அத்தை, மானத்தை வாங்காதீங்க, சம்பந்தி வீட்டுக்காரங்க உள்ளே இருக்காங்க" என்று கெஞ்சினான். அப்புறம் கத்தினான். நான் எழுந்திருக்கவில்லை. பையன்கள் போய்விட்டார்கள். இதைத்தான் ரகளை என்கிறார்கள்.

ஏன் அப்படி உட்கார்ந்தேன் என்று சொல்கிறேன்.

என்னிடம் ஏழாம் வகுப்பு படித்த ஒரு பையன். பெயர் வேண்டாம், அவன் செட்டுப் பிள்ளைகளுக்கு யாரென்று தெரியும். கணக்கு வராது, ஆனால் கரும்பலகை துடைப்பதிலிருந்து தண்ணீர்ப் பானை நிரப்புவது வரை யாரும் சொல்லாமலே செய்வான். சில வருடங்களுக்கு முன் ஒரு ஓட்டலின் கழிவுநீர்த் தொட்டியில் இறங்கி இறந்து போனான். அவனைத் தூக்கப் போன இன்னொருவரும் போய்விட்டார். நான் துக்கம் விசாரிக்கப் போனபோது, அன்றைக்கு மேலே நின்று கயிறு பிடித்திருந்தவர் என்னிடம் சொன்னார். "மூடியைத் திறந்தப்போ நாத்தம் தாங்கல டீச்சர். கொஞ்ச நேரம் விட்டுட்டு அவன் இறங்கினான். பாதி ஏணியில நின்னு, 'இப்ப நாத்தமே இல்லண்ணே, ஒண்ணும் பண்ணாது'ன்னான். ரெண்டு படி இறங்கினான், அவ்வளவுதான்."

அந்த வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை. ஏனென்றால் ஹைட்ரஜன் சல்பைடு பற்றி அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது நான்தான். "அழுகிய முட்டை நாற்றம் வரும். அந்த நாற்றம் வந்தா விலகிப் போயிடணும்" என்று கரும்பலகையில் எழுதிப் போட்டேன். ஒரு மதிப்பெண் கேள்விக்கு அது போதும். உயிருக்குப் போதாது. அந்த வாயு அதிகமாகும்போது நாற்றம் தெரியாமல் போய்விடும் என்பதை நான் சொல்லவில்லை. அப்போது எனக்கே தெரியாது. பாதிப் பாடத்தைச் சொல்லிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். மீதிப் பாடத்தை இப்போது எல்லோருக்கும் நடத்துகிறேன். தாமதம்தான், மன்னியுங்கள்.

காற்றுப் புகாத தொட்டியில் கழிவு அழுகும்போது நுண்ணுயிர்கள் ஹைட்ரஜன் சல்பைடையும் மீத்தேனையும் கரியமில வாயுவையும் உண்டாக்குகின்றன. இருக்கிற ஆக்சிஜனும் குறைந்துபோகிறது. நாம் மூச்சு விடும் காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம். அது 19.5-க்குக் கீழே போனாலே ஆள் இறங்கக் கூடாத இடம் என்பது தொழில் பாதுகாப்பில் கணக்கு.

ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடச் சற்று கனமானது, அதனால் குழியின் அடியில் தங்கும். அளவைப் பிபிஎம் என்று சொல்வார்கள், பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஒரு பிபிஎம்கூட இல்லாதபோதே நம் மூக்கு அந்த முட்டை நாற்றத்தைக் கண்டுபிடித்துவிடும். 100 பிபிஎம் ஆனால் சில நிமிடங்களில் மூக்கு மரத்துப் போகும். 100 பிபிஎம் என்றால் பத்தாயிரம் குடம் காற்றில் ஒரு குடம் வாயு, அவ்வளவுதான். அந்த அளவையே உயிருக்கு உடனடி ஆபத்து என்று வகைப்படுத்தியிருக்கிறார்கள். 500-க்கு மேல் போனால் சில நிமிடங்களில் ஆள் தடுமாறி விழுவார். 700, 1000 என்று போனால் ஒன்றிரண்டு மூச்சில் நினைவு தப்பும். கத்தக்கூட நேரமிருக்காது. உடம்பின் செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் வேலையையே இந்த வாயு நிறுத்திவிடுகிறது. அதாவது "நாற்றம் போயிடுச்சு" என்றால் வாயு போய்விட்டது என்று பொருளாகாது. மூக்கு செத்துவிட்டது என்றும் பொருள் இருக்கலாம். என் பையன் ஏணியில் நின்று சொன்னது அதைத்தான்.

இன்னொன்று. இந்த வாயு சேற்றுக்குள்ளும் அடைபட்டிருக்கும். மேலே பார்க்கும்போது ஒன்றுமில்லாததுபோல் இருக்கும். மண்வெட்டியால் கிளறியதும் சோடா பாட்டிலைக் குலுக்கித் திறந்ததுபோல் பொங்கி வரும். இறங்கியவர் அப்போது குனிந்து, முகத்தைச் சேற்றுக்குப் பக்கத்தில் வைத்திருப்பார்.

இனி, அன்று முற்றத்தில் நின்றவர்கள் சொன்ன சமாதானங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன். இவை அண்ணன் மகன் மட்டும் சொல்பவை அல்ல. நீங்களும் சொல்லியிருப்பீர்கள். ஒரு காலத்தில் நானும் சொன்னவள்தான்.

"மூடியைத் திறந்து ரெண்டு மணி நேரம் விட்டுட்டோம்." இரண்டடி வாய் உள்ள குழியில், அடியில் தங்கிய கனமான வாயு தானாக ஏறி வெளியே போகாது. ஊதுகுழாய் வைத்து அடிவரை காற்றைச் செலுத்த வேண்டும், கருவி வைத்து அளக்க வேண்டும், ஆள் உள்ளே இருக்கும் நேரம் முழுவதும் அளந்துகொண்டே இருக்க வேண்டும். திறந்து வைத்ததால் நிம்மதி அடைந்தது உங்கள் மனசுதான்.

"மெழுகுவத்தி ஏத்திக் கயித்துல இறக்கிப் பார்த்தோம், அணையல." கிணறு வெட்டிய நம் தாத்தாக்கள் செய்தது இது. ஆக்சிஜன் மிகவும் குறைந்தால் தீ அணையும், உண்மை. ஆனால் ஆளைச் சாய்க்க 1000 பிபிஎம் ஹைட்ரஜன் சல்பைடு போதும். அது காற்றில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்தக் காற்றில் மெழுகுவர்த்தி ஜோராக எரியும், மனிதன் விழுந்துவிடுவான். மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருந்தால் அந்த மெழுகுவர்த்தியே வெடிக்க வைக்கும்.

"மாஸ்க் போட்டுக்கச் சொன்னோம்." கொரோனா காலத்து மாஸ்க்கும் ஈரத் துண்டும் தூசியையே சரியாக நிறுத்தாது, வாயுவை எங்கே நிறுத்தப் போகிறது? வடிகட்டி வைத்த முகமூடியும் இங்கே உதவாது, ஏனென்றால் ஆக்சிஜன் இல்லாத இடத்தில் எதை வடிகட்டினாலும் ஆக்சிஜன் வராது. வெளியிலிருந்து காற்று வர வேண்டும், அல்லது முதுகில் சிலிண்டர் கட்ட வேண்டும். தீயணைப்பு வீரர்கள் அதைத்தான் கட்டிக்கொண்டு இறங்குகிறார்கள். பயிற்சி பெற்ற அவர்களே சிலிண்டர் இல்லாமல் இறங்காத இடத்தில் இருபது வயதுப் பையனைக் கைலியோடு இறக்குகிறோம்.

"அவங்களுக்குப் பழக்கம்." இதைக் கேட்டால்தான் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. நுரையீரலுக்கு என்ன பழக்கம்? சாதி பார்த்தா விஷம் ஏறும்? பழக்கம் என்று நாம் சொல்வது, அவர்களைத் தலைமுறை தலைமுறையாக இறக்கிப் பழகிய நம்முடைய பழக்கத்தை. நாற்பது பேர் இருக்கும் நம் குடும்பக் குழுவில் ஒருவர் தன் பிள்ளையை அந்தக் குழிக்குள் இறக்குவாரா? கேட்டால் கோபம் வருகிறது. அந்தக் கோபத்திலேயே பதில் இருக்கிறது.

"நாங்க கட்டாயப்படுத்தல, கேட்ட காசைக் கொடுக்கிறோம்." நம் வீட்டுப் பெண்ணைக் குறைந்த கூலிக்கு யாராவது ஆபத்தான வேலைக்கு வைத்தால் "அவளே ஒத்துக்கிட்டா" என்பதை நாம் ஏற்போமா? பசியில் இருப்பவர் தலையாட்டுவது சம்மதம் ஆகாது. சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. இந்த வேலைக்கு ஆள் வைக்கும் ஒப்பந்தமே செல்லாது.

சட்டம் என்றதும் "அதெல்லாம் பேப்பர்ல இருக்கும் அத்தை" என்றான். சரி, அந்தப் பேப்பரில் இருப்பதையாவது தெரிந்துகொள்ளுங்கள்.

கையால் மலம் அள்ளுவோரைப் பணியமர்த்தத் தடை விதிக்கும் சட்டம், 2013. அதன் 7-வது பிரிவு, பாதாளச் சாக்கடையையும் செப்டிக் டேங்கையும் அபாயகரமான முறையில் சுத்தம் செய்ய எந்த ஒரு நபரும், உள்ளாட்சியும், நிறுவனமும் நேரடியாகவோ மறைமுகமாகவோ ஆள் வைக்கக் கூடாது என்கிறது. எந்த ஒரு நபரும் என்றால் வீட்டுக்காரரும்தான். மேஸ்திரி கூட்டிக்கொண்டு வந்தார் என்று கைகழுவ முடியாது, அதற்காகத்தான் மறைமுகமாகவோ என்ற சொல். முதல் குற்றத்துக்கு 2 ஆண்டுவரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி செய்தால் 5 ஆண்டுவரை, 5 லட்சம்வரை. ஜாமீனில் விட முடியாத குற்றம். யாரும் சாக வேண்டியதில்லை, அப்படி இறக்கினாலே குற்றம்.

2013-லேயே விதிகளும் வந்துவிட்டன. இயந்திரத்தால் முடியவே முடியாத சில வேலைகளுக்கு மட்டும், உள்ளாட்சியின் தலைமை அதிகாரி காரணத்தை எழுத்தில் பதிந்து அனுமதித்தால்தான் ஆள் இறங்கலாம். அதற்கு முன் கழிவை முழுக்க வெளியேற்ற வேண்டும். ஆக்சிஜனையும் விஷவாயுவையும் அளக்க வேண்டும். மேற்பார்வையாளர் உட்பட மூன்று பேராவது இடத்தில் இருக்க வேண்டும். தொடர்ந்து 90 நிமிடத்துக்கு மேல் வேலை கூடாது. குறைந்தது 10 லட்சம் ரூபாய்க்கு ஆயுள் காப்பீடு எடுத்திருக்க வேண்டும். அண்ணன் மகன் வீட்டு முற்றத்தில் இவற்றில் எது இருந்தது? ஒரு வாளியும் கயிறும் இருந்தன.

இதெல்லாம் புதிதாக யாரோ கண்டுபிடித்ததும் இல்லை. 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 36-வது பிரிவு அன்றைக்கே என்ன சொன்னது என்று பாருங்கள். ஆபத்தான வாயு இருக்கக்கூடிய தொட்டிக்குள் ஆள் போக வேண்டுமானால், தகுதியானவர் சோதித்து எழுத்தில் சான்று தந்திருக்க வேண்டும். இல்லையேல் சுவாசக் கருவியும், கயிறு கட்டிய இடைவாரும் அணிந்து, கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்க வேண்டும். சுதந்திரம் வந்த மறு வருடமே எழுதி வைத்துவிட்டோம். தொழிற்சாலை முதலாளிக்கு அன்றைக்கே சொன்ன விதியை வீட்டு முதலாளியாகிய நாம் இன்றுவரை படிக்கவில்லை.

2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், 1993 முதல் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் இறந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் தர வேண்டும் என்றது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. நிரந்தர ஊனமானால் 20 லட்சம். நல்ல தீர்ப்புகள். ஆனால் என் மாணவனின் மனைவி 10 லட்சத்துக்காக எத்தனை படி ஏறி இறங்கினாள் என்று எனக்குத் தெரியும். "இறங்கச் சொன்னது யாரு? எழுத்துல இருக்கா?" என்று கேட்டார்களாம். இறக்கும்போது வாய் வார்த்தை, இழப்பீடு கேட்டால் எழுத்து.

சட்டத்திலும் ஒரு ஓட்டை இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். அபாயகரமான முறை என்றால் பாதுகாப்புக் கருவிகள் தராமல் செய்வது என்றுதான் விளக்கம் இருக்கிறது. அதனால் ஒரு கையுறையும் ஒரு பூட்ஸும் கொடுத்துவிட்டு "நாங்க கருவி கொடுத்தோம்" என்று தப்பிக்கப் பார்க்கிறார்கள். பாதாளச் சாக்கடையில் உடைந்த மூடி எடுக்க, மூழ்கிய மோட்டார் எடுக்க என்று விதிவிலக்கு கேட்கிறார்கள். அதை அதிகாரிகளும் பொறியாளர்களும் வாதாடட்டும். வீட்டு செப்டிக் டேங்குக்கு அந்த விதிவிலக்கு எதற்கு? பத்தடி நீளத் தொட்டிக்குள் மனிதன் இறங்கியே தீர வேண்டிய வேலை எதுவும் இல்லை. வீடுகளைப் பொறுத்தவரை கருவியோடும் வேண்டாம், கருவி இல்லாமலும் வேண்டாம், முழுத் தடை போடுங்கள் என்பது என் கட்சி.

செய்தித்தாளை எடுத்துக்கொள்ளுங்கள். "விஷவாயு தாக்கி மூவர் பலி." தமிழ் இலக்கணம் நடத்தியவள் கேட்கிறேன், இந்த வாக்கியத்தில் எழுவாய் எங்கே? படித்தால் வாயு எங்கிருந்தோ வந்து தெருவில் போனவரைத் தாக்கியதுபோல் இருக்கிறது. வாயு அதன் இடத்தில் இருந்தது. அங்கே ஒருவரை அனுப்பியவர் இருக்கிறார், அவருக்கு ஒரு வீடோ ஓட்டலோ ஒப்பந்தமோ இருக்கிறது. அவரை வாக்கியத்திலிருந்து எடுத்துவிட்டால் வழக்கிலிருந்தும் எடுத்துவிடலாம். 1993 முதல் எடுத்த கணக்கில் இப்படி இறந்தவர்கள் அதிகமுள்ள மாநிலங்களில் முன்வரிசையில் நிற்பது தமிழ்நாடு. படிப்பிலும் மருத்துவத்திலும் முன்னணி என்று மார்தட்டும் நாம் இதிலும் முன்னணி. 2017-ல் 'கக்கூஸ்' ஆவணப்படம் வந்தபோது பாதியில் எழுந்து போனவர்களை எனக்குத் தெரியும். பார்க்க முடியவில்லையாம். இறங்குகிறவர் எழுந்து போக முடியுமா?

இப்போது வீடு கட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் கவனிக்க வேண்டிய ஒன்று. "புதுத் தொட்டிதானே, ஒரு சொட்டுக் கழிவுகூட விடல" என்று சென்ட்ரிங் பலகை பிரிக்க ஆளை இறக்குகிறீர்கள். அங்கேயும் இறக்கிறார்கள். தளம் போட்டு வாரக்கணக்கில் மூடி வைத்த தொட்டியில் ஈரப் பலகையும் தேங்கிய தண்ணீரும் அழுகி ஆக்சிஜனைத் தின்றுவிடும். நாற்றமே இருக்காது. குடிதண்ணீர் சம்ப்பிலும் இதே கதைதான். நீண்ட நாள் மூடிய கிணற்றிலும் இதே கதைதான். கிணற்றுக்குள் டீசல் மோட்டாரை இறக்கி ஓட்டினால் கார்பன் மோனாக்சைடும் சேரும், அதற்கும் நாற்றம் கிடையாது.

நம் பக்கத்துத் தோல் தொழிற்சாலைகளில் சூப்பர்வைசராகவும் மேலாளராகவும் இருக்கும் என் மாணவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். தோலில் முடி நீக்கச் சோடியம் சல்பைடு போடுகிறீர்கள். குரோம் கழிவுநீரோ அமிலத்தன்மை உள்ளது. இரண்டும் ஒரே தொட்டியில் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு குபீரென்று கிளம்பும். இது பத்தாம் வகுப்பு வேதியியல். "ஒரு தடவை இறங்கி அடைப்பை எடுத்துட்டு வா" என்று நீங்கள் சொல்லும் அந்த ஒரு தடவைக்குத்தான் சோதனைச் சான்று, கயிறு, வெளியே ஒரு ஆள் எல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். வாயு அளக்கும் கைக்கருவி உங்கள் கையில் இருக்கும் செல்போன் விலைக்குள் கிடைக்கிறது. முதலாளி வாங்கித் தரவில்லை என்றால் ஆளை இறக்க மாட்டேன் என்று சொல்லுங்கள். வேலை போகும் என்று பயமா? சரி, பயம் நியாயம்தான். ஆனால் இறந்தவர் வீட்டுக்குச் செய்தி சொல்லப் போகிறவரும் நீங்களாகத்தான் இருப்பீர்கள். அந்தப் படியில் ஏறுவதைவிட வேலை தேடுவது எளிது.

அடுத்தது, ஒருவர் விழுந்துவிட்டால் என்ன செய்வது? இதை மட்டுமாவது பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். பின்னாலேயே இறங்காதீர்கள். உள்ளே கிடப்பது உங்கள் தம்பியாகவே இருந்தாலும் இறங்காதீர்கள். கேட்கவே கொடுமையாக இருக்கிறது, எழுதும் எனக்கும் கை நடுங்குகிறது. ஆனால் அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1986-ல் வெளியிட்ட குறிப்பில், இத்தகைய அடைபட்ட இடங்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கும் மேல் காப்பாற்றப் போனவர்கள் என்று இருக்கிறது. 2019 மார்ச்சில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு குடியிருப்புத் தொட்டியில் ஆறு பேர் இறந்தார்கள். அப்பாவும் இரண்டு மகன்களும் அதில் அடக்கம். ஒருவரைத் தேடி ஒருவராகப் போனவர்கள். அன்புதான் அவர்களைக் கொன்றது என்று நான் சொல்ல மாட்டேன். முதல் ஆள் இறங்கிய நிமிடத்தில் அது முடிவாகிவிட்டது. உடனே 112-ஐயோ 101-ஐயோ அழைத்துத் தீயணைப்புத் துறையை வரவழையுங்கள், 108-ஐ அழையுங்கள், கூட்டத்தை விலக்குங்கள், மேலிருந்து காற்றடிக்க ஏதாவது இருந்தால் அடியுங்கள்.

"அப்போ எங்க வீட்டுத் தொட்டியை எப்படித்தான் சுத்தம் செய்யறது?" நியாயமான கேள்வி. 14420 என்ற கட்டணமில்லா எண்ணில் கூப்பிட்டால் லாரி வரும். உரிமம் பெற்ற வண்டிதானா என்று கேளுங்கள். அடிச்சேறு இறுகியிருந்தால் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி, வெளியே நின்று நீளக் கம்பியால் கலக்கி, கரைத்துக் கரைத்து எடுக்க வேண்டும். ஒரு நாளில் முடியாவிட்டால் இரண்டு நாள் ஆகட்டும். அப்படியும் வராவிட்டால் அந்தத் தொட்டியை மூடிவிட்டுப் புதிதாக ஒன்று கட்டுங்கள். "அவ்வளவு செலவா?" என்று கேட்பீர்கள். கல்யாண மண்டபத்துக்குப் பூ அலங்காரம் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை.

மூன்று வருடத்துக்கு ஒரு தடவை எடுத்தால் சேறு இறுகவே இறுகாது. 17 வருடம் திறக்காமல் வைத்தது நாம், அந்த 17 வருடத்தை ஒரு மணி நேரத்தில் சுமக்க வேண்டியது யாரோ பெற்ற பிள்ளையா? புதிதாகக் கட்டுகிறவர்கள் ஒவ்வொரு அறைக்கும் தனி மூடி வையுங்கள், காற்றுக் குழாயை உயரமாக வையுங்கள், லாரியின் குழாய் எட்டும் இடத்தில் கட்டுங்கள். மாடிப்படிக்குக் கிரானைட் தேர்ந்தெடுக்கக் கொடுக்கும் நேரத்தில் பாதியை இதற்குக் கொடுங்கள்.

என் அண்ணன் மகனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவன் கெட்டவன் அல்ல. கொரோனாவில் தெருவுக்கே கபசுரக் குடிநீர் காய்ச்சிக் கொடுத்தவன். நாய்க்குச் சோறு வைக்காமல் சாப்பிட மாட்டான். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவன் கண்ணுக்கு எதிரில் நின்றவர்கள் ஆட்களாகத் தெரியவில்லை. கெட்டவர்கள் செய்வதாக இருந்தால் நான் இவ்வளவு நீளம் எழுதியிருக்க மாட்டேன், போலீசுக்குப் போன் செய்துவிட்டுப் படுத்திருப்பேன். நல்லவர்கள் செய்கிறோம், அதுதான் பிரச்சினை.

கடைசியில் அந்தத் தொட்டி என்ன ஆனது என்று கேட்பீர்கள். மறுநாள் லாரி வந்தது. தண்ணீர் அடித்து, கலக்கி, மூன்று நடையில் எடுத்து முடித்தார்கள். ஆள் இறக்குவதைவிட 4,500 ரூபாய் கூடுதல் செலவு. அதை நான் என் பென்ஷனிலிருந்து தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன், அவன் வாங்கவில்லை. என்னோடு பேசவும் இல்லை. பத்திரிகையும் இன்னும் வரவில்லை. வந்தால் போவேன், வராவிட்டாலும் மணமக்களுக்கு என் ஆசி உண்டு. என்றைக்காவது அவன் புரிந்துகொள்வான். புரிந்துகொள்ளாவிட்டாலும் அந்த இரண்டு பையன்களும் அன்றைக்கு வீட்டுக்குப் போனார்கள், எனக்கு அது போதும்.

இதைப் படித்துவிட்டு "சூப்பர் டீச்சர்" என்று எழுதிப் பூங்கொத்துப் படம் போடாதீர்கள். மூன்று வேலை கொடுக்கிறேன், வீட்டுப்பாடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, உங்கள் வீட்டுத் தொட்டி கடைசியாக எப்போது எடுத்தது என்று இன்றைக்கே விசாரியுங்கள். அடுக்குமாடியில் இருப்பவர்கள் சங்கச் செயலாளரிடம் "நம்ம தொட்டியில யார் இறங்கறாங்க?" என்று கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். இரண்டு, 14420-ஐ செல்போனில் பதிந்து வையுங்கள். மூன்று, உங்கள் தெருவில் யாராவது ஆளை இறக்கப் போவதைப் பார்த்தால் ஒரு நாற்காலியை எடுத்துக்கொண்டு போய் உட்காருங்கள். ரகளை என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

செய்து முடித்தவர்கள் கீழே "முடித்தேன் டீச்சர்" என்று மட்டும் எழுதுங்கள். வருகைப்பதிவு எடுக்கப் போகிறேன்.

அந்தப் பையன் இருந்திருந்தால் முதலில் கை தூக்கியிருப்பான்.

என்றும் அன்புடன்,
உங்கள் டீச்சர்